கொசுப்புழுக் கொல்லி நானோ எமல்ஷன்: கோளாறைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடிக்க

வேப்பெண்ணெய், கிராம்பு எண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய் என்று எதை எடுத்தாலும் சரி, அதை நானோ எமல்ஷனாக்கி (எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக நீரில் பரப்பி) கொசுப்புழு மேல் சோதித்துப் பார்க்கிறவர்களுக்கு வரும் தொல்லைகள் ஏழெட்டுக்குள் அடங்கிவிடும். குப்பியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சோனிகேட்டர் (ஒலி அதிர்வால் துளியை உடைக்கும் கருவி) மேல் பழி போட்டுக்கொண்டே வருவார்கள். உண்மையில் அதைப் பழுதுபார்க்க அனுப்ப வேண்டி வந்தது மிகச் சில முறைதான். ஊற்றிய வரிசை, சூடு, பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கு, இந்த மூன்றில் ஒன்றில்தான் குறை ஒளிந்திருக்கும். அதனால் கீழே எந்தக் கோளாறாக இருந்தாலும் செலவில்லாத சோதனை முதலில் வரும், கையைக் கடிப்பது கடைசியில் வரும். தயவுசெய்து வரிசையைத் தாண்டாதீர்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே கலவையை வைத்துக்கொள்கிறேன்: 100 கிராமில் எண்ணெய் 5 கிராம், ட்வீன் 80 (எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கும் பொருள்) 10 கிராம், மீதி 85 கிராம் காய்ச்சி வடித்த நீர். உங்கள் அளவு வேறாக இருந்தால் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது?

செய்து முடித்த கையோடு பால் மாதிரி இருந்தால் கோளாறு 1. முதல் நாள் நன்றாக இருந்து அப்புறம் கெட்டால் கோளாறு 2. சோதனை நீரில் ஊற்றியதும் திரிந்தால் கோளாறு 3. துகள் அளவு தாறுமாறாக வந்தால் கோளாறு 4. புழு சாகாவிட்டால் நேராகக் கோளாறு 5. மருந்து போடாத கோப்பையிலும் செத்தால் கோளாறு 6. எல்லாம் ஒரேயடியாகச் செத்துவிட்டது என்று மகிழ்ச்சியாக இருந்தால் கட்டாயம் கோளாறு 7. உள்ளே வேலை செய்தது வெளித் தொட்டியில் செய்யாவிட்டால் கோளாறு 8.

கோளாறு 1: செய்து முடித்தும் பால் வெள்ளையாகவே இருக்கிறது

முதலில் கண்ணால் பாருங்கள். மெல்லிய கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, கறுப்புத் துணி முன்னால் பிடித்து, பக்கவாட்டிலிருந்து செல்போன் டார்ச்சை அடியுங்கள். துளிகள் சுமார் 100 நானோமீட்டருக்குக் கீழே இறங்கியிருந்தால் குப்பிக்குள் இளநீலச் சாயல் தெரியும். எதிர்ப்பக்கத்திலிருந்து டார்ச்சை நேராகப் பார்த்தால் வெளிச்சம் கொஞ்சம் ஆரஞ்சாக இருக்கும். குப்பிக்குப் பின்னால் அச்செழுத்து வைத்தால் மங்கலாகவாவது படிக்க வரும். சுண்ணாம்புத் தண்ணீர் போல அடர் வெள்ளையாக இருந்து எழுத்தே தெரியாவிட்டால் அது இன்னும் நானோ ஆகவில்லை. சாதாரண எமல்ஷன்தான்.

ஊற்றிய வரிசை. எண்ணெயையும் ட்வீனையும் முதலில் ஒன்றாக்க வேண்டும். மேக்னெடிக் ஸ்டிரரில் 10 முதல் 15 நிமிடம் சுற்றவிட்டு, இரண்டும் ஒரே நிறமாகி, ஓரத்தில் கோடு எதுவும் தெரியாத பிறகுதான் நீர். நீரையும் கொட்டக் கூடாது, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பாதி நீர் போகும்போது கலவை சட்டென்று கெட்டியாகி, ஸ்டிரர் திணறும். பலர் இங்கேதான் பயந்து மொத்த நீரையும் கொட்டிவிடுகிறார்கள். அந்தக் கெட்டி நிலையைப் பொறுமையாகக் கடக்க வேண்டும். அதைத் தாண்டியதும் தானாக இளகும். எல்லாவற்றையும் ஒரே பீக்கரில் கொட்டிவிட்டுச் சோனிகேட்டரை வைத்தவர்களிடம் நான் முதலில் சொல்வது, இன்னொரு முறை வரிசைப்படி செய்துவிட்டு வாருங்கள் என்பதுதான். அதிலேயே பாதிப் பேர் திரும்பி வருவதில்லை.

எண்ணெயின் தடிப்பு. வேப்பெண்ணெய், புங்க எண்ணெய் போன்றவை குளிர்ந்த அறையில் தடித்துவிடும், சில நேரம் அடியில் உறைந்தும் போகும். குப்பியை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, உறைந்தது முழுதும் கரைந்த பிறகு அளந்து எடுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றினால் ஒவ்வொரு முறையும் வேறு எண்ணெயைத்தான் எடுக்கிறீர்கள்.

ட்வீன் போதவில்லை. எண்ணெய் 1 பங்குக்கு ட்வீன் 1, 1.5, 2 என்று மூன்று சிறு குப்பிகளில் 10 மில்லி அளவில் செய்து, டார்ச் சோதனையில் ஒப்பிடுங்கள். நீலச் சாயல் எங்கே தொடங்குகிறதோ அதற்கு மேல் போக வேண்டாம். கூடுதல் ட்வீன் பின்னால் கோளாறு 7-இல் வந்து நிற்கும்.

ட்வீன் பொருந்தவில்லை. ட்வீன் 80-இன் எச்எல்பி எண் (நீரோடு எவ்வளவு ஒட்டும் என்று காட்டும் எண்) 15, அதே வகையில் எண்ணெய்ப் பக்கம் சாயும் ஸ்பான் 80-இன் எண் 4.3. எல்லா எண்ணெய்க்கும் 15 ஒத்துவராது. 3 பங்கு ட்வீனுக்கு 1 பங்கு ஸ்பான் சேர்த்தால் 12.3-க்கு இறங்கும். இப்படி இரண்டு மூன்று விகிதம் போட்டுப் பார்ப்பது, இன்னும் அரை மணி நேரம் சோனிகேட் செய்வதைவிட மலிவு.

கடைசியில்தான் சோனிகேட்டர். புரோப் (கலவைக்குள் இறங்கும் உலோகத் தண்டு) முனை நீர்மட்டத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். மேலே தூக்கினால் நுரைதான் வரும், அடியைத் தொட்டால் கண்ணாடி உடையும். பீக்கரைச் சுற்றிப் பனிக்கட்டி இருக்கட்டும். 30 விநாடி ஓட்டம், 10 விநாடி ஓய்வு என்று விட்டு விட்டு ஓட்டி, கலவை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பாருங்கள். காதுக்கு மூடி போட்டுக்கொள்ளுங்கள், 20 கிலோஹெர்ட்ஸ் கருவியின் கீச்சொலி விளையாட்டில்லை. பாத்திரம் கழுவும் வகைச் சோனிகேட்டர் தொட்டியில் குப்பியை மிதக்கவிட்டு நானோ வரவில்லை என்றால் அதில் வியப்பில்லை, அதன் ஆற்றல் இதற்குப் பெரும்பாலும் போதாது.

புரோப் வேலை செய்கிறதா என்று பார்க்க, நீருக்குள் அலுமினியத் தாள் துண்டு ஒன்றை முனைக்கு எதிரே சில விநாடி பிடியுங்கள். பொத்தலாகிக் கந்தலானால் ஆற்றல் வருகிறது. தாள் அப்படியே இருந்தாலோ, முனையில் ஆழக் குழிகள் விழுந்திருந்தாலோ, ஓட்டும்போது ஒலி வழக்கத்துக்கு மாறாகக் கரகரத்தாலோ அதோடு நிறுத்துங்கள். முனை மாற்றுவதும் அதிர்வெண்ணைச் சரிசெய்வதும் சர்வீஸ் ஆள் செய்ய வேண்டிய வேலை. குழி விழுந்த முனையிலிருந்து டைட்டானியத் துகள் உங்கள் எமல்ஷனுக்குள் சாம்பல் நிறத்தில் உதிரும், அது தனித் தலைவலி.

கோளாறு 2: முதல் நாள் நன்றாக இருந்தது, அப்புறம் கெட்டுவிட்டது

எப்படிக் கெட்டது என்பதைப் பொறுத்துக் கிளை பிரியும். குப்பியைக் குலுக்கும் முன் நன்றாகப் பாருங்கள். குலுக்கிய குப்பியைக் காட்டி என்ன ஆயிற்று என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

2அ. ஓர் அடுக்கு வெளுத்திருக்கிறது, குலுக்கினால் கலந்துவிடுகிறது

துளிகள் உடையவில்லை, இடம்தான் மாறியிருக்கின்றன. பெரிய துளிகள் கலந்திருப்பதற்கு அடையாளம் இது. கோளாறு 1-க்குத் திரும்பிப் போய்த் துளியைச் சிறிதாக்குங்கள். ஒரு குறிப்பு: வேப்பெண்ணெய் நீரைவிட இலேசு, அதனால் மேலே சேரும். கிராம்பு எண்ணெய் நீரைவிடக் கனம், அடியில் போய் உட்காரும். மேலே மட்டும் பார்த்துவிட்டு, கிராம்பு எமல்ஷன் பிரியவே இல்லை என்று எழுதி வைத்த நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அதே குப்பியைச் சாய்த்தால் அடியில் தேன் நிறத்தில் ஒரு பொட்டு உருளும்.

2ஆ. எண்ணெய் வளையம் அல்லது கண்ணால் காணும் துளிகள், குலுக்கினாலும் திரும்பப் பிரிகிறது

எமல்ஷன் உடைந்துவிட்டது. அந்தக் குப்பியைத் திரும்பச் சோனிகேட் செய்து மீட்கலாம் என்று நினைக்காதீர்கள், சோதனைக்கு அது உதவாது. காரணம் தேடும்போது முதலில் எங்கே வைத்திருந்தீர்கள் என்று பாருங்கள். வெயில் படும் ஜன்னல், சூடாகும் கருவியின் மேல்தட்டு, அல்லது குளிர்பெட்டி. குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வேப்பெண்ணெய்த் துளிகள் உள்ளேயே உறைந்து, பக்கத்துத் துளியோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே எடுத்து இளகியதும் எல்லாம் ஒன்றாகிவிடும். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று குளிர்பெட்டியில் வைத்துக் கெடுத்தவர்கள்தான் அதிகம். இப்படிப்பட்ட எண்ணெய்க்குக் குளிர்ச்சியான, இருட்டான அலமாரி போதும்.

அங்கே குறை இல்லாவிட்டால் ட்வீன் அளவைப் பாருங்கள். அதற்கும் அப்புறம் எண்ணெயில் நீரோ கசடோ இருக்கிறதா என்று ஒரு நாள் அசையாமல் தெளியவிட்டுப் பாருங்கள்.

2இ. பிரியவில்லை, ஆனால் நாளுக்கு நாள் வெளுக்கிறது

வாசனை எண்ணெய்களில் இது மிக அதிகம். வடித்தெடுத்த எண்ணெயின் சில கூறுகள் நீரில் கொஞ்சம் கரையும். சின்னத் துளி கரைந்து பெரிய துளியில் போய்ச் சேர, சின்னது மறைந்து பெரியது பெருக்கும். ட்வீனைக் கூட்டிப் பயனில்லை, சில நேரம் இன்னும் வேகமாகும். மருந்து என்னவென்றால், நீரில் கரையாத கொழுப்பு எண்ணெய் ஒன்றை, நல்லெண்ணெய் போல, எண்ணெய்ப் பங்கில் 10 முதல் 25 சதவீதம் வரை சேர்ப்பது. சேர்க்கும் நேரம் முக்கியம்: ட்வீன் சேர்க்கும் முன்பே இரண்டு எண்ணெயையும் கலந்துவிட வேண்டும். செய்து முடித்த எமல்ஷனில் மேலே ஊற்றினால் அது தனியாக மிதக்கும், அவ்வளவுதான்.

பழையது வெளுக்கிறதா என்று நினைவை நம்பாமல், செய்த அன்றைக்கு ஒரு படம், அதே இடம், அதே டார்ச், அப்புறம் 7-ஆம் நாள், 14-ஆம் நாள் என்று எடுத்து வையுங்கள்.

2ஈ. வாடை மாறிவிட்டது, நூல் நூலாக மிதக்கிறது

பூஞ்சை அல்லது பாக்டீரியா. நீர் 85 சதவீதம் இருக்கும் பண்டம், வளராமல் என்ன செய்யும். கொட்டிவிடுங்கள். அடுத்த முறை கொதிக்க வைத்து ஆறிய காய்ச்சி வடித்த நீர், கழுத்து வரை நிரப்பிய பழுப்புக் கண்ணாடிக் குப்பி, சிறு சிறு குப்பிகளாகப் பங்கிடுதல். பிளாஸ்டிக் குப்பியில் வைத்திருந்தால் இன்னொன்றும் பாருங்கள்: ஆரஞ்சுத் தோல் எண்ணெயின் லிமோனின் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். கிராம்பு எண்ணெயும் அதை விட்டுவைக்காது. குப்பியின் உள்சுவர் மங்கிப் பிசுபிசுத்தால் அதுதான் நடந்திருக்கிறது.

நாள் கணக்கில் காத்திருக்க நேரமில்லாதவர்கள் சென்ட்ரிஃப்யூஜில் 3,500 ஆர்பிஎம்மில் 30 நிமிடம் ஓட்டுவார்கள், அல்லது 4 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் மாற்றி மாற்றி வைப்பார்கள். முதற்கட்ட வடிகட்டலுக்கு நல்லது. ஆனால் 2இ வகைக் கெடுதல் சென்ட்ரிஃப்யூஜில் தெரியாது.

கோளாறு 3: சோதனை நீரில் ஊற்றியதும் திரிகிறது

ட்வீனுக்குப் பதில் சோப்பு பயன்படுத்தினீர்களா? கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைத் தயிர்த் துணுக்கு போலத் திரித்துவிடும். அதே எமல்ஷனைக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அங்கே திரியாவிட்டால் கடின நீர்தான் காரணம். ட்வீனுக்கு மாறிவிடுங்கள், அதை இந்த உப்புகள் ஒன்றும் செய்யாது.

ட்வீன் போட்டும் திரிகிறது என்றால் அது பெரும்பாலும் ஏற்கெனவே பாதி உடைந்த எமல்ஷன். 2ஆ-வுக்குப் போங்கள்.

கோளாறு 4: டிஎல்எஸ் (ஒளிச்சிதறலால் துளி அளவைக் காட்டும்) கருவியில் எண் ஒவ்வொரு முறையும் மாறுகிறது

நீர்க்காமல் அப்படியே வைத்திருப்பீர்கள். வடிகட்டிய நீரில் 100 மடங்கு நீர்த்துப் பாருங்கள், அப்புறம் இன்னும் 10 மடங்கு. இரண்டிலும் எண் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் நம்பலாம். குமிழியும் தூசியும் பெரிய அளவுப் பக்கம் பொய்ச் சிகரம் காட்டும். 10 நானோமீட்டர் பக்கம் ஒரு சிகரம் தனியாக நின்றால், நம் எண்ணெய் அவ்வளவு நுணுக்கமாகிவிட்டது என்று கொண்டாட வேண்டாம். அது எண்ணெயைச் சுமக்காத வெறும் ட்வீன் மிசெல், அதாவது ட்வீன் மூலக்கூறுகள் தங்களுக்குள் சேர்ந்த உருண்டை. வாசனை எண்ணெய் எமல்ஷனைப் பாலிஸ்டைரீன் க்யுவெட்டில் (கருவிக்குள் வைக்கும் சிறு குப்பியில்) நெடுநேரம் விடாதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான்.

அதே கருவி தரும் பிடிஐ என்ற எண் 0.3-க்கு மேல் போனால் துளிகள் பல அளவில் இருக்கின்றன என்று அர்த்தம், கோளாறு 1-க்குத் திரும்புங்கள். ஸீட்டா பொட்டென்ஷியல் (துளியின் மேற்பரப்பு மின்னழுத்தம்) 30 மில்லிவோல்ட்டைத் தொடவில்லை என்று வருந்துகிறவர்களுக்கு: ட்வீன் மின்னூட்டம் இல்லாத வகை. அது துளியைப் போர்வை போல மூடித்தான் காக்கிறது. குறைந்த எண் வந்தும் மாதக்கணக்கில் நிற்கும்.

கோளாறு 5: புழு சாகவில்லை

இதற்குத்தான் அதிகம் பேர் வருகிறார்கள். அவசரப்பட்டு எண்ணெயை மாற்றாதீர்கள்.

5அ. முதலில் கணக்கு

நம் கலவையில் எண்ணெய் 5 சதவீதம். அதாவது 1 மில்லி எமல்ஷனில் சுமார் 50 மில்லிகிராம் எண்ணெய். 100 மில்லி நீரில் 50 பிபிஎம் எண்ணெய் வேண்டும் என்றால் 5 மில்லிகிராம் எண்ணெய் போக வேண்டும், அதற்கு 0.1 மில்லி எமல்ஷன், அதாவது 100 மைக்ரோலிட்டர். எமல்ஷன் முழுவதையும் எண்ணெய் என்று எடுத்துக்கொண்டவர் 5 மைக்ரோலிட்டர் விடுவார். கோப்பையில் உண்மையில் இருப்பது 2.5 பிபிஎம். இருபது மடங்கு குறைவு. ஒரு முறை இரண்டு வாரம் எண்ணெயை மாற்றி மாற்றிச் செய்து அலுத்துப் போனவரிடம், "பிப்பெட்டில் எத்தனை விட்டீர்கள்?" என்று கேட்டேன். "ஐந்து" என்றார். அவ்வளவுதான் விஷயம். நோட்டில் பிபிஎம் என்று எழுதும்போதெல்லாம் பக்கத்தில் ‘எண்ணெய்’ என்றோ ‘எமல்ஷன்’ என்றோ ஒரு சொல் சேர்த்து எழுதுங்கள்.

5ஆ. சாகவில்லை என்று எப்போது சொன்னீர்கள்?

வேப்பெண்ணெயில் உள்ள அசாடிராக்டின் உடனே கொல்லும் நஞ்சாக வேலை செய்வதில்லை. புழு தோலுரிப்பதையும் கூட்டுப்புழுவாவதையும் கெடுக்கிறது. 24 மணி நேரத்தில் எண்ணினால் எல்லாம் நீந்திக்கொண்டுதான் இருக்கும். நாலைந்து நாள் கழித்துப் பாருங்கள்: பழைய தோல் வாலில் ஒட்டிக்கொண்டு தொங்கும், பாதிக் கூட்டுப்புழுவாகிப் பாதி புழுவாக நின்று செத்திருக்கும், வெளிவரும் கொசு இறக்கை விரியாமல் நீரில் ஒட்டிக் கிடக்கும். இந்த வகை மருந்துக்கு, கொசு எத்தனை வெளிவந்தது என்று கடைசிவரை எண்ணுவதுதான் முறை. நாள் நீளும் சோதனையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை துளியளவு தீவனம் போட வேண்டும், இல்லாவிட்டால் பசியில் செத்ததை மருந்துக் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். கன்ட்ரோலில் (மருந்து போடாத கோப்பையில்) 80 சதவீதத்துக்குக் குறைவாகக் கொசு வெளிவந்தால் அந்தச் சோதனையையே தள்ளிவிட வேண்டும்.

கிராம்பு, ஓமம், எலுமிச்சைப்புல் போன்ற வாசனை எண்ணெய்கள் வேலை செய்வதாக இருந்தால் 24 மணி நேரத்துக்குள் செய்துவிடும். அவற்றுக்கு நாள் நீட்டிப் பயனில்லை.

5இ. எந்தப் புழு?

உலக சுகாதார நிறுவனத்தின் 2005-ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்வது புழுவின் நான்கு வளர்ச்சி நிலைகளில் மூன்றாம் நிலையின் கடைசி அல்லது நான்காம் நிலையின் தொடக்கம். கோப்பைக்கு 25 புழு, ஒவ்வொரு அளவுக்கும் குறைந்தது நான்கு கோப்பை. நான்காம் நிலையின் முடிவில் உள்ள புழு கூட்டுப்புழுவாகத் தயாராகி, தின்பதை நிறுத்திவிடும். கூட்டுப்புழு வாயே திறக்காது. காற்புள்ளி போல வளைந்து, தொட்டால் குட்டிக்கரணம் போடுகிறவை அவைதான். கோப்பையில் அவை கலந்திருந்தால் பொறுக்கி எடுங்கள்.

5ஈ. செத்ததை எப்படி எண்ணினீர்கள்?

அசையாமல் கிடந்தாலும் செத்தது என்று எழுதக் கூடாது, கொஞ்சம் நெளிந்தாலும் பிழைத்தது என்று எழுதக் கூடாது. ஊசி முனையால் மூச்சுக்குழாய்ப் பக்கமோ கழுத்துப் பக்கமோ மெல்லத் தொடுங்கள். அசைவே இல்லை என்றால் செத்தது. நெளிகிறது, ஆனால் மேலே ஏறி மூச்சு விட முடியவில்லை, நீரைக் கலக்கினாலும் வழக்கம் போல முங்கி ஓடவில்லை என்றால் அதுவும் செத்த கணக்கில் சேரும். இருவர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள், வேறுபாடு வியப்பாக இருக்கும்.

5உ. எண்ணெய் அசலா?

வாசனை எண்ணெய் என்றால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் காயவிடுங்கள். எண்ணெய்க் கறை அப்படியே நின்றால் மலிவான கொழுப்பு எண்ணெய் கலந்திருக்க வாய்ப்புண்டு. வேப்பெண்ணெய்க்கு மூக்கே சோதனைக் கருவி. பூண்டு போலக் காட்டமான நெடி இல்லாமல், நிறம் தெளிந்து இருந்தால் சுத்திகரித்த எண்ணெயாக இருக்கலாம், அதில் அசாடிராக்டின் போயிருக்கும். பழைய எண்ணெயும் அப்படித்தான். வெயிலும் காரத்தன்மையும் அசாடிராக்டினைச் சிதைக்கும். எமல்ஷனின் பிஎச் 7-க்கு மேலே இருந்தால் கொஞ்சம் அமிலப் பக்கம் கொண்டுவாருங்கள், 5-க்கும் 6-க்கும் இடையில் இருக்கட்டும்.

இத்தனையும் சரி, இன்னும் சாகவில்லை என்றால் எண்ணெயின் கூறுகளைப் பிரித்து அளக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் நேரம்: வேப்பெண்ணெய்க்கு எச்பிஎல்சி, வாசனை எண்ணெய்க்கு ஜிசி-எம்எஸ். ஒரே பெயரில் வரும் எண்ணெயின் கூறுகள் செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும். செலவு கூடிய வேலை என்பதால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

கோளாறு 6: மருந்து போடாத கோப்பையிலும் சாகிறது

கன்ட்ரோலில் சாவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம். 5 முதல் 20 வரை என்றால் அபட் சூத்திரப்படி திருத்த வேண்டும்: மருந்துக் கோப்பைச் சாவு சதவீதத்திலிருந்து கன்ட்ரோல் சதவீதத்தைக் கழித்து, அதை 100-இலிருந்து கன்ட்ரோலைக் கழித்த எண்ணால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். மருந்தில் 80, கன்ட்ரோலில் 10 என்றால் 70-ஐ 90-ஆல் வகுக்க, 77.8. கன்ட்ரோலில் 20-க்கு மேல் போனால் சூத்திரம் காப்பாற்றாது, திரும்பச் செய்யுங்கள். 24 மணி நேரச் சோதனையில் கன்ட்ரோல் புழுக்களில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டுப்புழுவாகிவிட்டாலும் அப்படியே.

காரணங்களில் முதலாவது, குளோரின் கலந்த குழாய் நீர். ஒன்றிரண்டு நாள் திறந்து வைத்த நீரை எடுங்கள். குளோரமின் கலக்கும் நீர் என்றால் திறந்து வைத்தும் போகாது, காய்ச்சி வடித்த நீர் அல்லது சோடியம் தயோசல்ஃபேட் வேண்டும். அடுத்தது சோப்பு மிச்சம். கோப்பையைக் கழுவிய சோப்பே புழுவை முங்கடிக்கும். அப்புறம் பிப்பெட்: மருந்துக் கோப்பையில் விட்ட அதே முனையைக் கன்ட்ரோலில் விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கன்ட்ரோலைத்தான் முதலில் தொட வேண்டும், மருந்தைக் குறைந்த அளவிலிருந்து மேலே.

பலர் யோசிக்காத ஒன்று, ஆவி. வாசனை எண்ணெய்க் கோப்பைகளையும் கன்ட்ரோலையும் ஒரே மூடிய அலமாரியில் வைத்தால் எண்ணெய் ஆவியாகிப் பக்கத்துக் கோப்பைக்கும் வரும். கதவைத் திறந்ததும் நெடி அடித்தால் அதுதான். கன்ட்ரோலை வேறு அறையில் வையுங்கள்.

இதற்கு மேலும் சாகிறது என்றால் வளர்ப்புத் தொட்டியிலேயே நோய் அல்லது நெரிசல். கொசு வளர்ப்பில் பழகிய பூச்சியியலாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

கோளாறு 7: எல்லாம் செத்துவிட்டது, சந்தேகமாக இருக்கிறது

சந்தேகப்படுவது நல்லது. எனக்கு இந்தக் கோளாறுதான் மற்ற எல்லாவற்றையும்விட மோசமாகப் படும், ஏனென்றால் இதை யாரும் கோளாறு என்றே நினைப்பதில்லை.

முதல் சந்தேகம் ட்வீன் மேல். ட்வீன் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும். மேற்பரப்பில் மூச்சுக்குழாயை ஊன்றித் தொங்கும் க்யூலெக்ஸ், ஏடிஸ் புழுக்களுக்கு அந்தப் பிடிமானம் போய்விடும். எண்ணெய் இல்லாமல், அதே அளவு ட்வீன் மட்டும் போட்ட கோப்பை ஒரு வரிசை கட்டாயம் வேண்டும். நம் கலவையில் 50 பிபிஎம் எண்ணெயோடு 100 பிபிஎம் ட்வீன் போகிறது. அந்த 100 பிபிஎம் ட்வீனில் எத்தனை சாகின்றன? இந்த வரிசை இல்லாத முடிவை நான் படிப்பதே இல்லை.

இரண்டாவது, எமல்ஷன் கோப்பைக்குள்ளேயே உடைந்து மேலே எண்ணெய்ப் படலம் கட்டியிருக்கலாம். அப்போது புழு மூச்சு அடைத்துத்தான் சாகும். எண்ணெயை நீரில் ஊற்றி மூச்சடைக்க வைக்க நானோ எதற்கு? சோதனை எளிது: வடிகட்டித் தாள் துண்டு ஒன்றை நீர்மேல் மெல்லப் படியவிட்டு எடுத்து, காயவிட்டு, வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒளி ஊடுருவும் எண்ணெய்க் கறை தெரிந்தால் படலம் இருந்திருக்கிறது. 2ஆ-வுக்குப் போங்கள்.

மூன்றாவது, அளவு மிக அதிகம். எல்சி50 (பாதிப் புழுக்களைக் கொல்லும் அளவு) கணக்கிட நான்கைந்து அளவுகள் 10 முதல் 95 சதவீதச் சாவுக்குள் விழ வேண்டும். எல்லாக் கோப்பையிலும் 100 என்றால் எந்த மென்பொருளில் போட்டாலும் பொருளுள்ள எண் வராது. பாதிப் பாதியாகக் குறைத்துக்கொண்டே போங்கள்.

கோளாறு 8: உள்ளே கொன்றது, வெளித் தொட்டியில் கொல்லவில்லை

திரும்பவும் கணக்கு. வட்டத் தொட்டி, விட்டம் 60 சென்டிமீட்டர், நீர் ஆழம் 50 சென்டிமீட்டர் என்றால் கொள்ளளவு சுமார் 141 லிட்டர். 5 சதவீத எமல்ஷனில் லிட்டருக்கு 1 மில்லி விட்டால் 50 பிபிஎம் எண்ணெய். ஆக 141 மில்லி தேவை. ஒரு மூடி ஊற்றிவிட்டு வந்தால் போதாது.

அடுத்து நீரைப் பாருங்கள். இலை மக்கிய, சாக்கடை கலந்த நீரில் எண்ணெய் அந்தக் குப்பையில் ஒட்டிக்கொள்ளும். அதே நீரை ஒரு கோப்பையில் மொண்டு வந்து உள்ளே சோதித்துப் பாருங்கள், எவ்வளவு கூடுதலாக வேண்டும் என்று தெரிந்துவிடும். வெயில் நேராக விழும் தொட்டியில் மருந்து வேகமாகச் சிதையும், மாலையில் போடுவது மேல். மழை பெய்தால் திரும்பக் கணக்கிட வேண்டும்.

மூன்றாம் நாள் குட்டிப் புழு தெரிகிறது என்றால் பெரும்பாலும் அவை புதிதாகப் பொரித்தவை, மருந்து தோற்றதாக எழுத வேண்டாம். வாசனை எண்ணெயின் வீரியம் தொட்டியில் வெகுநாள் நிற்காது. சூடான பருவத்தில் ஏடிஸ் முட்டை பொரித்து ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும், அதனால் வாரம் ஒருமுறை பார்த்துத் திரும்பப் போட வேண்டிவரும். எண்ண முகக்கும்போது உங்கள் நிழல் நீரில் விழாமல் நில்லுங்கள். நிழலைக் கண்டதும் எல்லாம் அடிக்கு ஓடிவிடும், மொண்டது வெறும் நீராக இருக்கும், நீங்களோ நூறு சதவீதம் என்று எழுதிவிடுவீர்கள்.

எங்கே நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிடுவது

குடிநீர் வைக்கும் எதிலும் இதைப் போடாதீர்கள். தாவரத்திலிருந்து வந்தது என்பதால் தீங்கில்லாதது ஆகிவிடாது. மீன், தவளைக்குஞ்சு, நீர்ப்பூச்சி இருக்கும் குட்டையிலும் வேண்டாம். நானோ துளி புழுவுக்குள் எளிதாகப் போவது போல அவற்றுக்குள்ளும் போகும். அடர் எமல்ஷன் தோலில் எரிச்சல் தரும், கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

டெங்கு, மலேரியா பரவிக்கொண்டிருக்கும் இடத்தில் சோதனைக் குப்பியோடு இறங்க வேண்டாம். உள்ளூர்ச் சுகாதாரத் துறையின் கொசு ஒழிப்புப் பிரிவுக்குச் சொல்லுங்கள். அவர்களிடம் பிடிஐ போன்ற, அளவும் பாதுகாப்பும் தெரிந்த புழுக்கொல்லிகள் இருக்கும். இந்தப் பிடிஐ ஒரு பாக்டீரியா, மேலே டிஎல்எஸ் பகுதியில் வந்த பிடிஐயோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சோதனையிலும் அதை ஒரு கோப்பையில் ஒப்பீட்டுக்கு வைக்கலாம்: அதிலும் புழு சாகவில்லை என்றால் உங்கள் எமல்ஷன் மேல் பழி இல்லை, கோப்பை, நீர், புழு ஆகியவற்றில் ஒன்றில்தான் குறை. கோளாறு 5இ-யிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.